நாலு பொட்டல ஒறக்கம்

செருப்பை அங்கனயே கழட்டுங்க, அண்ணாச்சி. பையக் கழட்டுங்க, சத்தம் வரப்பிடாது. உள்ள ஆள் ஒறங்குது.

பத்திரிகை வைக்கத்தான வந்திருக்கீய? கையில தாம்பாளத்தைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. மகளுக்கா? சந்தோசம். தெய்வநாயகம் கடைத்தெரு வரைக்கும் போயிருக்கான், இப்ப வந்துருவான். என்கிட்ட குடுத்துட்டுப் போக முடியாது, வீட்டுக்காரன் கையிலதான் குடுக்கணும், அந்த முறை எனக்கும் தெரியும். உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது காலு ஆடும், தரையில உரசுனா கிறீச்சுங்கும். இதுல உக்காருங்க.

நான் இந்த வீட்டு மாப்பிள்ளை. தெய்வநாயகத்தோட அக்காவைக் கட்டினவன். ஆலங்குளத்துல வந்து கம்பவுண்டர் பூலோகபாண்டின்னு கேட்டுப் பாருங்க, சின்னப்பிள்ளை கூட வீட்டைக் காட்டும். செல்லத்துரை டாக்டர்கிட்ட முப்பத்தெட்டு வருசம் இருந்தேன். அவரு சீட்டு எழுதுவாரு, வைத்தியம் பாத்தது நான். இதை நானாச் சொல்லலை, ஊரு சொல்லும்.

உள்ள ஒறங்குறது என் வீட்டுக்காரி, சண்முகவடிவு. பள்ளிக்கூடத்துல டீச்சர். லீவு போட்டுட்டு, வீட்டை விட்டுத் தம்பி வீட்டுக்கு வந்து இன்னையோட இருபத்திமூணு நாள். குடிச்சுட்டு அடிச்சான்னு வந்தவளைப் பாத்திருப்பீய. மாமியா கொடுமைன்னு வந்தவளைப் பாத்திருப்பீய. புருசன் ஒறங்க விடலைன்னு வந்தவளைக் கேள்விப்பட்டிருக்கீயளா? கேட்டிருக்க மாட்டீய. என் வீட்டுல மட்டுந்தான் இந்தக் கூத்து நடக்கும்.

நேத்து அவளே போன் போட்டா. சொன்னதை அப்படியே சொல்லுதேன், கேளுங்க. "நாளைக்கு வாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு நான் படுப்பேன். நானா எந்திரிக்கிற வரைக்கும் என்னை எழுப்பாம வெளிய இருந்தீயன்னா, ஆறு மணி பஸ்ஸுல உங்க கூட வாரேன். எழுப்பினீயன்னா, திங்கக்கிழமை மாறுதல் பாரத்தைக் குடுத்துருவேன்." இவ்வளவுதான் பேச்சு, வச்சிட்டா. மாறுதல்னா, இந்தக் கோவில்பட்டி பக்கத்துலயே ஒரு பள்ளிக்கூடத்தை வாங்கிக்கிட்டு, மிச்சமிருக்க ரெண்டு வருச சர்வீசையும் இந்தத் தம்பி வீட்டுலயே கழிச்சுருவாளாம். பாரத்தை எழுதி, கையெழுத்தும் போட்டு, அலமாரியில வச்சிருக்கா. ஆவுடை சொன்னா. ஆவுடைன்னா தெய்வநாயகம் பொண்டாட்டி, எனக்குத் தங்கச்சி முறை.

முப்பத்தோரு வருசம் கூட இருந்தவனுக்குப் பரீட்சை வைக்கா. ரெண்டாங்கிளாசுக்குப் பரீட்சை வச்சு வச்சு வந்த புத்தி, வேறென்ன. எழுப்பாம இருக்கது ஒரு பெரிய காரியமா? ஒண்ணரைக்குப் படுத்தா, இப்ப மணி மூணேகால். நான் இந்த இடத்தை விட்டு அசைஞ்சிருப்பேனா?

ஒறக்கம் வரலைன்னு சொல்லுத ஆளுகளைக் கண்டாலே எனக்கு எளக்காரம், அண்ணாச்சி. முப்பத்தெட்டு வருசத்துல எத்தனை பேரு வந்திருப்பான். ஒறக்கமே வரலை கம்பவுண்டர்னு நிப்பான். மத்தியானம் மூணு மணி நேரம் கட்டையாக் கெடந்திருப்பான், சாயங்காலம் அஞ்சு காப்பி குடிச்சிருப்பான். ஒரு சத்து மாத்திரையப் பொடிச்சு, காகிதத்துல மடிச்சு, இது ரொம்ப ஸ்ட்ராங், ரெண்டு நாளைக்கு மேல கேக்கப்பிடாதுன்னு சொல்லிக் குடுப்பேன். மறுநாள் கையெடுத்துக் கும்பிடுவான். ஒறக்கத்துக்கு வைத்தியம்கிறது அம்புட்டுத்தான்.

டாக்டர் காலமாயி, ஆஸ்பத்திரிய மூடி, நான் வீட்டோட வந்து ரெண்டு வருசம் ஆச்சு. நான் வந்து பதினஞ்சு நாள் இருக்கும், வடிவு ஒறக்கம் வரலைன்னு ஆரம்பிச்சா. அதுவரைக்கும் அவளுக்கு அந்தச் சீக்கே கிடையாது. கூட இருந்து கவனிக்க ஒரு ஆள் வந்த நேரத்துல இப்படி ஒரு சீக்கு வருது பாருங்க. நல்லவேளை நான் வீட்டுல இருந்தேன்னு நெனைச்சுக்கிட்டேன்.

ஒண்ணரை மாசத்துக்கு முன்னாடி, திருநெல்வேலியில ஒரு டாக்டரம்மாகிட்டப் போகணும்னு நின்னா. சரின்னு கூட்டிட்டுப் போனேன். முப்பது வயசு கூட இருக்காது அந்தப் பிள்ளைக்கு. நாடி பிடிக்கலை, நாக்கை நீட்டச் சொல்லலை. கேள்வியாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ராத்திரி வீட்டுல சத்தம் இருக்குமா, வெளிச்சம் இருக்குமா, யாராவது எடையில எழுப்புவாங்களான்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், அதெல்லாம் ஒண்ணும் கிடையாது, நான் பக்கத்துலயே இருக்கேன்னு. வடிவு திரும்பி என் முகத்தைப் பாத்தா. அந்தப் பிள்ளையும் பாத்துட்டு, சார் நீங்க கொஞ்சம் வெளிய இருங்கன்னு சொல்லிட்டுது. என்னைய, ஒரு கம்பவுண்டரை, நோயாளி மாதிரி பெஞ்சுல உக்கார வச்சுட்டுது, பாத்துக்கிடுங்க.

எழுதிக் குடுத்தது மெலடோனின். கேள்விப்பட்டிருக்கீயளா? பெருசா ஒண்ணும் இல்லை. இருட்டினா நம்ம தலைக்குள்ள தானா ஊறுத சாமானாம். வெளிச்சம் பட்டா ஊறது நின்னு போயிருமாம். வயசானா ஊத்து கொறையுமாம். அதை மாத்திரையா உருட்டி வித்துட்டு இருக்கான். அதுலயும் இது மெதுவா விடுற மாத்திரையாம். படுக்கதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முந்தி, சாப்பிட்ட பொறவு முழுசா முழுங்கணும். உள்ள போயி, ராத்திரி பூரா கொஞ்சங் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்குமாம். நான் கேக்கேன், மாத்திரைக்குள்ள வாட்ச்மேனா உக்காந்திருக்கான், மணி பாத்துப் பாத்துத் தெறந்து விட? கடையில மாத்திரை எடுத்துக் குடுத்த பயகிட்டயும் இதைக் கேட்டேன். அவன் சிரிச்சான். பதில் தெரியலைன்னா இந்தக் காலத்துப் பயக சிரிச்சிருவானுவ.

வாங்கிட்டு வந்த மறுநாள் நான் மதுரைக்குப் போக வேண்டியதாப் போச்சு. தங்கச்சி மகன் புது வீடு பால் காய்ச்சினான், நாலு நாள் ஆயிருச்சு. திரும்பி வந்தா, வடிவு மொகத்துல ஒரு தெளிச்சி. நாலு நாளும் விடிய விடிய ஒறங்கினேங்கா. நான் நம்பலை. நான் இல்லாத வீட்டுல இவ ஒறங்கினதுக்குச் சாட்சி யாரு? நோயாளி சொல்லுததை வச்சு வைத்தியம் பாத்தா வெளங்குமா? அன்னைக்கு ராத்திரியில இருந்து நானே பொறுப்பை எடுத்துக்கிட்டேன்.

என்ன தங்கச்சி? ஆமா, பையத்தான் பேசுதேன். அண்ணாச்சி பத்திரிகை வைக்க வந்திருக்காவ. நீ போ, நான் பாத்துக்கிடுதேன்.

பாத்தீயளா, இவதான் ஆவுடை. நாம பேசுறது உள்ள கேக்குதாம். நான் பேசுறது எனக்கே கேக்கலை. சவத்தை விடுங்க.

எங்க விட்டேன்? ஆங், பொறுப்பு. மொத வேலையா மாத்திரையக் கல்வத்துல போட்டுப் பொடிச்சேன். முழு மாத்திரை குடுத்து எனக்குப் பழக்கம் கிடையாது. எங்க ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருத்தனும் முழு மாத்திரையைக் கண்ணால கண்டது இல்லை. தேன்ல கொழைச்சு, எட்டு மணிக்குக் குடுத்தேன். எட்டரைக்குச் சோத்துத் தட்டு முன்னாடி தலை தொங்கிருச்சு. அரை மணி நேரம்தான். டாக்டரம்மா சொன்னது ரெண்டு மணி நேரம், என் கை பட்டு அரை மணி நேரம். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு மணிக்கெல்லாம் முழிச்சுக்கிட்டு மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கா. மறுநாளும் அப்படித்தான், அதுக்கு மறுநாளும் அப்படித்தான். முழுசாத் தாங்க, முழுசா முழுங்கினா நல்லாருந்துச்சுன்னு மொணங்கினா. அவளுக்கு என்ன தெரியும்?

அப்பத்தான் யோசிச்சேன். மெதுவா விடணும்கிறது சரியான யோசனைதான், அந்தப் பிள்ளை சொன்னதுல அது ஒண்ணுதான் சரி. ஆனா அதை ஒரு மாத்திரைய நம்பியா விடுவான்? ஆள் இருக்கும்போது? நான் விடுதேன்னு முடிவு பண்ணுனேன். ஒரு மாத்திரையப் பொடிச்சு, நாலு பொட்டலமா மடிச்சேன். தராசு வேண்டாம் எனக்கு, கண்ணளவே போதும், ஒரு பொட்டலம் கூடாது கொறையாது. ஒம்பது மணிக்கு ஒண்ணு, பதினோரு மணிக்கு ஒண்ணு, ஒரு மணிக்கு ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு. செல்லுல அலாரம் வச்சேன். அலாரம் அடிச்சதும் எந்திரிச்சு, டார்ச்சு அடிச்சு, ஏட்டி வடிவு, ஏட்டி, வாயைத் தொறன்னு எழுப்பி, கரண்டியில தேனோட ஊட்டி விட்டேன். டியூப்லைட்டைக் கூடப் போடலை, அவ ஒறக்கம் கெட்டுரும்னு. இந்தக் காலத்துல எந்தப் புருசன் இப்படிச் செய்வான்? நீங்க செஞ்சிருப்பீயளா? பதினோரு நாள் செஞ்சேன், அண்ணாச்சி. என் ஒறக்கத்தையும் கெடுத்துக்கிட்டுத்தான் செஞ்சேன்.

நோட்டும் போட்டேன். ஆஸ்பத்திரியில நாலு கட்டில் உண்டும், ராத்திரி மணிக்கொருக்க பாத்து எழுதுவோம், அதே முறை. இன்னா பாருங்க, கொண்டு வந்திருக்கேன். பத்து மணி, ஒறங்குதா. பத்தரை, ஒறங்குதியான்னு கேட்டேன், ஆமான்னா. பதினொண்ணு, மருந்து குடுத்தாச்சு. பதினொண்ணே முக்கால், முழிச்சிருக்கா. பன்னெண்டரை, முழிச்சிருக்கா. ஒண்ணு, இப்பத்தான் கண் அசந்தா, எழுப்பி மருந்து குடுத்தாச்சு. பக்கம் பக்கமா இதேதான். இதைப் பாத்த பொறவும் அந்த மாத்திரை வேலை செய்யுதுன்னு எவனாவது சொல்லுவானா? என்ன அண்ணாச்சி, என்னையே பாக்கீய? நோட்டைப் பாருங்க.

பன்னெண்டாம் நாள் பள்ளிக்கூடத்துல நாற்காலியில உக்காந்த வாக்குலயே ஒறங்கிட்டாளாம். முக்கால் மணி நேரம். ரெண்டாங்கிளாசுப் பிள்ளைக முப்பது பேரும் மூச்சு விடலையாம். ஒரு பொட்டப்பிள்ளை எந்திரிச்சு, வெயிலு டீச்சர் மூஞ்சியில அடிக்குன்னு சன்னல் கதவைச் சாத்திட்டு, விரலால நடந்து போயி உக்காந்துச்சாம். மணி அடிக்கப் போன ஆயாகிட்டப் போயி, அடிக்காதீய, டீச்சர் ஒறங்குதாகன்னு சொல்லிச்சாம் இன்னொண்ணு. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, பைய வச்சா, என் முன்னாடி நின்னா. "ரெண்டாங்கிளாசுப் பிள்ளைக்குத் தெரியுது"ன்னா. அவ்வளவுதான். ரெண்டு சேலைய எடுத்துப் போட்டுட்டு பஸ் ஏறிட்டா. அரசாங்கச் சம்பளம் வாங்குத வாத்திச்சி வகுப்புல ஒறங்கியிருக்கா, அதுக்கு வெக்கப்பட்டுத் தலையைக் குனியணும்லா? இங்க என்னைய மொறைக்கா.

இங்க வந்த பொறவு பழையபடி முழு மாத்திரைதான். எட்டு மணிக்கு முழுங்குதாளாம், பத்து மணிக்குப் படுத்தா வெள்ளன அஞ்சு மணிக்குத்தான் முழிப்பாம். இப்ப ஒரு வாரமா மாத்திரை இல்லாமயே பாக்குதாளாம், அப்பவும் வருதாம். எல்லாம் ஆவுடை சொல்லுத கதை. இன்னைக்கு நான் வந்ததும் மாத்திரை டப்பாவுல இருந்த தாளை எடுத்து விரிச்சு எனக்குப் படிச்சுக் காட்டுதா. முழுசா முழுங்கணும், கடிக்கப்பிடாது, பொடிக்கப்பிடாது, பொடிச்சா மொத்தமும் ஒரே நேரத்துல எறங்கிரும்னு போட்டிருக்காம். பி.ஏ. படிச்சவளாம். தாள்ல நூறு போடுவான் கம்பெனிக்காரன், அவனுக்குப் பயம், எழுதி வைக்கான். நான் எஸ்.எஸ்.எல்.சி.தான், ஆனா எத்தனை பேரு உசிரு என் கையில பொழைச்சிருக்கு. தாளை மடிச்சு அவகிட்டயே குடுத்துட்டேன்.

உண்மையச் சொல்லணும்னா, குடுக்க முன்னாடி ஒருக்கப் படிச்சேன். அப்படித்தான் போட்டிருக்கு. ரெண்டு எடத்துல போட்டிருக்கு. போட்டுட்டுப் போறான்.

மணி என்ன? நாலாகப் போகுதா? ரெண்டரை மணி நேரம். இது என்ன ஒறக்கம் அண்ணாச்சி? பகல்ல மனுசன் இவ்வளவு நேரம் ஒறங்குவானா? ஒறங்குத மாதிரி கண்ணை மூடிக்கிட்டு என்னையச் சோதிக்கா. இல்லைன்னா மேலுக்கு ஏதாவது ஆயிருக்கும். ஐம்பத்தெட்டு வயசு, பிரசர் இருக்கு, மத்தியானம் நெறைய சாப்பிட்டிருப்பா. இவிய ரெண்டு பேருக்கும் என்ன தெரியும், மூச்சு ஒழுங்கா வருதான்னு பாத்திருப்பாவளா? ஒருத்தி அடுக்களையில நிக்கா, ஒருத்தன் கடைத்தெருவுல நிக்கான். பாக்கத் தெரிஞ்ச ஒருத்தன் வாசல்ல உக்காந்திருக்கேன்.

எனக்குப் பயமா இருக்கு. உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன, நீங்க பத்திரிகை வச்சுட்டுப் போயிருவீய. இந்த இருபத்திமூணு நாளா எனக்கு ஒறக்கம் இல்லை. எனக்கு, பூலோகபாண்டிக்கு. படுத்தா, அந்தப் பக்கம் கட்டில் சும்மாக் கெடக்கு. ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்தா யாரைக் கேக்க, என்னத்தக் கேக்க? விடியட்டும்னு சொவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். அந்த மாத்திரை டப்பா ஒண்ணு வீட்டுல மிச்சம் இருக்கு. தொடலை. அந்த நெலமை எனக்கு இன்னும் வரலை. அவ வீட்டுக்கு வந்துட்டாப் போதும். நான் ஒண்ணும் குடுக்க மாட்டேன், நோட்டும் போட மாட்டேன், சத்தியம் பண்ணித் தாரேன்னு சொல்லணும்னுதான் வந்தேன். கதவைத் தட்டிச் சொல்லக் கூடாதுங்கா. அவளா எந்திரிக்கணுமாம்.

ரெண்டரை மணி நேரம் பொறுத்தாச்சு, ஆறு மணிக்குப் பஸ்ஸு. இன்னும் கொஞ்சம் பொறுத்துட்டாப் போதும், எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லித்தான் தெரியணுமா? கையை எடுங்க அண்ணாச்சி. நான் என்ன சின்னப்பிள்ளையா?

ஆவுடை கொல்லைப்பக்கம் போயிட்டா. ஒரு நிமிசம் இருங்க, கதவைப் பையத் தெறந்து, எட்டிப் பாத்துட்டு வந்துருதேன். எழுப்ப மாட்டேன். முழிச்சிருந்தாள்னா மட்டும், ஒறங்கு ஏட்டின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன்.